வெள்ளி வரை காத்திருக்காத அட்டை

என் தங்க அப்பாவுக்கு,

அம்மாவும் படுத்துவிட்டாள். நீங்கள் கிடந்த அதே கட்டில்தான். முதுகில் படுக்கைப் புண் தொடங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்சுக்கு அரசு காப்பீட்டு அட்டையில் இன்றும் இடமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் அட்டை செல்லும்.

உங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். பக்கவாதம் வந்து நீங்கள் படுத்த சில மாதங்களில், தினமும் நர்சை வரவழைக்க என் பள்ளிக்கூடச் சம்பளத்தால் முடியாமல் போனது. நானே கட்டு மாற்றினேன். உங்கள் முதுகுப் புண் ஆழமானது. மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், அட்டையிலேயே அறுவை செய்யலாம் என்றார்கள். அனுமதி வந்தது ஒரு வியாழக்கிழமை. உடனே வராவிட்டால் அனுமதிக்கு மறுபடி எழுதிப்போட வேண்டுமாம்.

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளி. படுத்துக் கிடப்பவர்களுக்குத் தேவாலயத்திலிருந்து சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவரும் நாள். அதற்காகவே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொல்வீர்கள்.

"வெள்ளி கழியட்டு, மக்கா" என்றீர்கள்.

"அட்டை இண்ணைக்குத்தாம்ப்பா பாஸாயிருக்கு."

"ஏட்டி, சொகமில்லாதது எனக்கா, அட்டைக்கா?"

கோணிய வாயோடு சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். நான், "சாயங்காலமே கூட்டிட்டு வந்துருவேன்" என்றேன்.

பொய். உங்களுக்கும் அது தெரிந்திருந்ததா? ஆம்புலன்சில் ஏற்றும்போது ஏன் ஒன்றும் பேசவில்லை?

வெள்ளிக்கிழமை காலை சாமியார் வந்து காலிக் கட்டிலருகே நின்றாராம். அந்நேரம் நீங்கள் அறுவை அறையில். பிறகு கண் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கொண்டுவந்தோம். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள், "ஒரு பைசா செலவில்லாம முடிஞ்சுதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

நேற்று அதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "கார்டு இருக்குல்லா, கொண்டு வந்து சேருங்க" என்றாள் ஒரு பெண்.

"யாருட்டி போன்ல?" என்று அம்மா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே போனால் புண் ஆறலாம், திரும்பி வராமலும் போகலாம் என்றேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "நீயே கட்டு மாத்து. நோவும்போ கத்துவேன். கேட்டுக்கிட்டு நிப்பியா?" என்றாள்.

என் கை நர்சின் கையல்ல அப்பா. புண் ஆழமாகும் என்றும் தெரியும். ஆனாலும் அவளிடம் எதையும் மறைக்க மாட்டேன். அவள் வாயால் சொல்லாமல் இந்த வீட்டு வாசலில் எந்த வண்டியும் நிற்காது. அவள் கத்தும்போது அறையைவிட்டு வெளியே போகமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
செலின்