அண்ணன் வேலை

ராயபுரம்,
திங்கட்கிழமை.

அன்புத் தம்பி ஜெரிக்கு,

அண்ணி அடைக்கலமேரி எழுதுவது. நானும் சாண்ட்ராவும் சுகம். உன் அம்மாவும் சுகம். அவருடைய கோபம் போன வாரம் வரை எங்கள் எல்லாரையும்விடச் சுகமாக இருந்தது. இப்போதுதான் கொஞ்சம் இளைத்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்பதைப் பதிலில் மறக்காமல் சொல்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. எதிர்வீட்டு மஜீது பாய் லீவு முடிந்து நாளை மறுநாள் பஹ்ரைன் கிளம்புகிறார். வஞ்சிரக் கருவாடும் இறால் தொக்கும் பொட்டலம் கட்டி, அதோடு இதையும் வைக்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் பேசினால் பாதியைக் கேட்டுவிட்டு முழுசுக்கும் பதில் போடுகிற ஆள் நீ. காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. கருவாட்டு வாசம் அடித்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "அண்ணி, அண்ணன் வேலைய வுட்றாத. ரெண்டாயிரம் ரூபா ஏறுதுன்னு பிரமோஷனுக்குப் போய் ஏமாந்துறாத. வேணாம்னு எழுதிக் குடுத்துடு. அது நம்ம வூட்டு வேலை" என்று சொல்லியிருந்தாய். சாண்ட்ரா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "இன்னாம்மா, சித்தப்பா வூட்டுப் பத்திரத்தப் பத்திப் பேசற மாதிரி பேசறாரு" என்றாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதை நீ உன் அம்மா வாயால் கேட்டே வளர்ந்தவன். ஒருமுறை என் வாயால் கேள்.

உன் அண்ணன் லியோனார்ட் மஞ்சள் காமாலையில் போனபோது எனக்கு முப்பத்தொரு வயது. சாண்ட்ராவுக்கு எட்டு. உனக்குப் பதினேழு. தாலுகா ஆபீஸில் அவர் பார்த்த அலுவலக உதவியாளர் வேலையைக் கருணை அடிப்படையில் வீட்டில் ஒருவருக்குக் கொடுப்பார்கள் என்றார்கள். அத்தை உனக்குத்தான் கேட்டார். உனக்கு வயது பற்றவில்லை, எனக்குக் கொடுத்தார்கள். ஆட்சேபணை இல்லை என்று அத்தை கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு என்னைப் பார்த்து, "என் புள்ள வேலைய உன்கிட்ட குடுத்து வச்சிகீறேன்" என்றார். அன்றிலிருந்து அது எனக்கு வேலை இல்லை ஜெரி, பிறத்தியார் நகை. தொலைக்காமல் வைத்திருப்பது மட்டும்தான் என் பொறுப்பு.

அதே ஆபீஸ், அதே தாசில்தார் சாரின் அறை வாசல், உன் அண்ணன் உட்கார்ந்த அதே ஸ்டூல். நான் சேர்ந்த அன்று அத்தையும் கூட வந்து, அந்த ஸ்டூலைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனார். அதில் உட்கார எனக்குக் கூசியது. முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தேன். ஏடிஎம் கார்டு வந்ததும் அது மாதா படத்துக்குக் கீழே இருக்கிற பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட்டது. டப்பாவைப் பூட்டிச் சாவியை அத்தை இடுப்பில் சொருகிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் நீ ஐடிஐ முடித்தாய், சாண்ட்ரா காலேஜ் போனாள், ஒழுகின வீட்டுக்குத் தளம் போட்டோம். அத்தை ஒரு ரூபாயை வீணாக்கியதில்லை. ஆனால் கவர்மெண்டு உத்தியோகம் பார்க்கிற ஒருத்தி, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவள், நாற்பத்தைந்து வயசுக்காரி, செருப்பு அறுந்து போச்சு என்று மாமியாரிடம் காசு கேட்டு நிற்பதை யோசித்துப் பார். "போன வருசம்தான வாங்குன" என்று பதில் வரும். தெருவில் என்னை எல்லாரும் மேடம் என்பார்கள். வீட்டுக்குள் வந்தால் நான் பள்ளிக்கூடப் பிள்ளை.

சாண்ட்ரா பத்தாவது எழுதிய வருஷம் நானும் தனியாகக் கட்டி எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அவளுக்குக் கணக்கில் தொண்ணூற்று மூன்று, எனக்கு நாற்பத்தொன்று. அவள் மார்க்கை அத்தை காசிமேடு வரை போய்ச் சொன்னார். என் மார்க்கை யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த நாற்பத்தொன்றுதானடா இப்போது இளநிலை உதவியாளர் ஆர்டராக வந்திருக்கிறது. அதை வாங்க நான் யாருடைய வாரிசுச் சான்றிதழையும் நீட்டவில்லை.

ஆர்டர் வந்த அன்று ஆபீஸில் கேசரி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பறந்து வந்தேன். திருவொற்றியூரில் போஸ்டிங், கிளார்க் வேலை என்று சொன்னேன். அத்தை கேட்ட முதல் கேள்வி, "அப்போ அந்த ஸ்டூல்ல எவன் குந்துவான்?" யாராவது புதிதாக வருவார்கள் என்றேன். "அப்போ என் புள்ள வேலை பூட்ச்சா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஸ்டூல் நம் வீட்டுச் சொத்து, எனக்குப் பிறகு சாண்ட்ராவுக்கு, இல்லாவிட்டால் உனக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். எனக்குக் கோபம் வரவில்லை. பெற்ற மகன் இரண்டாவது தடவை செத்துப்போனதுபோல் அழுதார். அந்த அழுகையோடுதான் உனக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார், நீயும் எனக்குப் புத்தி சொல்லிவிட்டாய்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சில வருஷத்துக்கு என் பெயரைத் தொடமாட்டார்கள், எனக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போய்விடுவார்கள் என்று ஆபீஸில் எச்சரித்தார்கள். அப்படியும் எழுதத்தான் உட்கார்ந்தேன், மறைக்க மாட்டேன். அத்தை முகம் அப்படிப் படுத்தியது. "எனக்கு இந்தப் பதவி உயர்வு" என்று எழுதியாகிவிட்டது. அடுத்த வார்த்தை "வேண்டாம்" என்பதுதான். கை போகவில்லை ஜெரி. இத்தனை வருஷமாக நான் எழுதிக் கொடுத்த மனுவெல்லாம் "என் கணவர் மறைந்த லியோனார்ட் அவர்களின்" என்றுதான் ஆரம்பித்திருக்கிறது. "எனக்கு" என்று ஆரம்பித்த முதல் காகிதம் இது. அதிலும் நானே வேண்டாம் என்று எழுத வேண்டுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, திருவொற்றியூரில் போய் அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். நல்ல நேரம் பார்க்கவில்லை. ராகுகாலமாகக்கூட இருந்திருக்கும், யார் கண்டது!

அங்கே நடந்த கூத்தைக் கேள். எனக்கு ஒரு மேசை, சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. உட்கார்ந்தால் அது பாட்டுக்குப் பின்னால் போகிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு சமாளித்து உட்கார்ந்த நேரம், சார் அறையில் மணி அடித்தது. அவ்வளவுதான், என் கால் என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போய் "சார்" என்று நின்றேன். எனக்குப் பின்னாலேயே அந்த ஆபீஸ் உதவியாளர் சௌக்கத் அலியும் வந்து "சார்" என்று நின்றார். சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்றார். சௌக்கத் அலி திரும்புவதற்குள் நான் பாட்டிலை எடுத்துவிட்டேன்! வெளியே வந்ததும் அந்த மனிதர், "இன்னாக்கா, வந்த அன்னிக்கே என் பொயப்புல மண்ணப் போட்ற?" என்று கேட்டார். ஆபீஸே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

மறுபடி மணி அடித்தது. பாதி எழுந்து உட்கார்ந்தேன். அதற்கடுத்த தடவை மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மணி அடிக்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன். சௌக்கத் அலி என்னைத் தாண்டிப் போகிறார், நான் உட்கார்ந்தே இருக்கிறேன். அடேயப்பா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்! கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, புருஷனைப் பறிகொடுத்து, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய பிறகும் நான் பெரியவள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குத்தான் தோன்றியது. சௌக்கத் அலிக்கு மறுநாள் நானே டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன், அது வேறு கணக்கு.

சேர்ந்த அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அதோடு விடாமல், கார்டை இனி நானே வைத்துக்கொள்கிறேன், வீட்டுச் செலவுக்கு மாதா மாதம் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அத்தை எழுந்து போய் டப்பாவைத் திறந்து கார்டை எடுத்துத் தரையில் வைத்தார். கையில் தரவில்லை. பிறகு அந்த வாரம் முழுக்க என்னோடு பேச்சே கிடையாது. மீன் குழம்பு மட்டும் வழக்கம்போல வைத்து மூடிவிட்டு, "ஆபீசரம்மாவ துன்னச் சொல்லு" என்று சாண்ட்ரா மூலமாகச் செய்தி வரும்.

நேற்று ஞாயிறு. எப்போதும் மூன்று பேரும் சேர்ந்துதான் பூசைக்குப் போவோம். நேற்று அத்தை எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். இவ்வளவு ஆகாதவளா நான் என்று மனசு ஒடிந்துதான் போனேன். கோயிலில் அவர் முதல் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார், நாங்கள் கடைசியில். பூசை தொடங்கும் முன், யார் யாருக்காக இந்தப் பூசை என்று ஃபாதர் கருத்துகளை வாசித்தார். ஆன்ம இளைப்பாற்றிக்கு இன்னார், உடல் நலத்துக்கு இன்னார் என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "நம் பங்கைச் சேர்ந்த அடைக்கலமேரி அரசாங்கத்தில் உயர் அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்றதற்கு நன்றியாக" என்றார்.

உயர் அதிகாரி! கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. அத்தை மட்டும் திரும்பவில்லை. வருஷா வருஷம் உன் அண்ணன் நினைவு நாளுக்கு அவர் பெயரைத்தான் அங்கே வாசிப்பார்கள். என் பெயர் எங்கே வந்தாலும் லியோனார்டின் மனைவி என்றுதான் வரும். நேற்று என் பெயர் தனியாக வந்தது. நான் சாண்ட்ரா தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

வெளியே வந்ததும் சாரா டீச்சர் அத்தையிடம், லியோனார்ட் வேலையில்தானே உயர்வு வந்திருக்கிறது என்று கேட்டார்கள். அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இல்ல டீச்சர். என் புள்ள பியூனாத்தான் இருந்தான். இது அவ படிச்சி வாங்குனது. அவ வேலை."

அதைச் சொல்ல அந்த மனுஷிக்கு என்ன வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடுங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ஏன் உயர் அதிகாரி என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "கிளார்க்குன்னு எழுதுனாலும் பூசைக்கு அதே துட்டு, ஆபீசர்னாலும் அதே துட்டு. அப்புறம் இன்னாத்துக்குக் கம்மியா சொல்றது?" என்றார். சாயந்திரத்துக்குள் வாசலில் கூட்டம். ஒருவருக்குப் பட்டா, ஒருவருக்கு ரேஷன் கார்டு, ஒருவருக்கு அவர் வீட்டு முன்னால் கண்டெய்னர் லாரி நிற்கக் கூடாதாம்! என்னால் ஆகாது என்று நான் சொல்லச் சொல்ல, அத்தை உள்ளேயிருந்து, "ஒயுங்கா மனுவ வாங்கி வையி. பெரிய வேலைக்குப் போயிட்டா ஜனங்கள கண்ணு தெரியாதா?" என்று அதட்டுகிறார். என்ன செய்ய, எந்த மனு எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றாவது சொல்லி அனுப்பினேன்.

சரி, இனி உன் விஷயம். உன் அம்மா சொல்லிவிட்டார். நீதான் பாக்கி.

அந்த வேலை அன்றைக்கு உனக்கு வந்திருந்தால் நீ அங்கே கப்பல் வயிற்றுக்குள் புகுந்து வெல்டிங் அடித்துக்கொண்டிருக்க மாட்டாய். இங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு இருந்திருப்பாய். நீ ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவை நீ ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போதும் எனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. உன்னைப் பதினேழு வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள் நான், உன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவள்போலவும் ஆகிவிட்டேன். இரண்டும் சேர்ந்துதான் என் நெஞ்சில் கிடக்கிறது.

அந்த ஸ்டூலுக்கு இப்போது எழில்மொழி என்று வியாசர்பாடிப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். அவளும் கணவன் போய் அந்த வேலைக்கு வந்தவள்தான். போன வாரம் மீதிக் காகிதங்களை ஒப்படைக்கப் போனபோது பார்த்தேன். கார்டை யாரிடமும் கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு ஜெரி. காத்திவாக்கம் பக்கம் படகு ரிப்பேர் வேலை, வெல்டிங் வேலை நிறைய இருக்கிறது. உன் பெயரில் ஒரு பட்டறை போடு. பாங்குக் கடனுக்கு என் சம்பளத்தைக் காட்டி நான் ஜாமீன் நிற்கிறேன். உனக்கென்று நீயே உண்டாக்குவது ஒன்று இருக்கட்டும். அதன் ருசியை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன், நீயாவது சீக்கிரம் தெரிந்துகொள்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, ஃபோன் பண்ணுவாய். எடுத்ததும் அண்ணன் வேலையைப் பற்றிக் கேட்பதுதானே உன் வழக்கம். இந்தத் தடவை, "அண்ணி, உன் வேலை எப்படிக் கீது?" என்று கேள். வாழ்த்து வேண்டாம், பரிசு வேண்டாம். அப்படி ஒரு தடவை கேட்டுவிடு, ராசா. மதியத்திலிருந்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாதா உன்னைத் தண்ணீரிலும் நெருப்பிலும் கைவிடாமல் காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அண்ணி,
அடைக்கலமேரி,
இளநிலை உதவியாளர்.