வீட்டில் பேசாத மூக்கு டாக்டர்

மார்ச் 3, செவ்வாய்

தீவிர சிகிச்சைப் பிரிவில் என் நோயாளி, அந்த வேன் ஓட்டுநருக்கு இன்றும் காய்ச்சல். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, வாயில் குழாயோடு மூச்சு இயந்திரத்தில் கிடக்கிறார். நெஞ்சு, வயிறு, சிறுநீர், ரத்தம் எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது. மருந்துக்கு மேல் மருந்து. ரத்த அழுத்தமும் இறங்குகிறது. இப்படியே போனால் தாங்க மாட்டார். வாசலில் அவர் மனைவி, "ஜுரம் விட்டுச்சா டாக்டர்?" என்றார். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ஹாலில் படுத்திருக்கிறார். இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 4

சண்டைக்குக் காரணத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காது மூக்கு தொண்டை டாக்டர் அவர். குறட்டை விட்டால் ஜன்னல் அதிரும். "ஊர் மூக்கையெல்லாம் பாக்கறீங்க, உங்க மூக்கை ஒரு ஸ்கேன் எடுத்தா என்ன?" என்றேன். உடனே அவர், "உங்க வார்டுல மூக்குன்னா குழாய் சொருகற ஓட்டைதானே" என்றார். தலையணையை நான் வீசினேன் என்பது பொய். கை நழுவியது.

மார்ச் 5

ஓட்டுநருக்கு மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டது நான்தான். பிளாஸ்திரி ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இன்று அது நனைந்திருந்தது. மஞ்சள். நாற்றம் வேறு. உடம்பெல்லாம் தேடினேனே, முகத்தைப் பார்த்தேனா?

ஸ்கேனில், கன்ன எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய அறைகளில் நீர் கோத்து நிற்கிறது. படுத்தே கிடப்பவர்களுக்குச் சும்மாவும் அப்படிக் கோக்கும். ஊசியால் எடுத்துப் பார்த்தால்தான் சீழா என்று தெரியும். எடுக்க வேண்டியவர் யார்? வேறு யார்!

போன் செய்தேன். "சொல்லுங்க டாக்டர்" என்றார், மூன்றாம் மனிதர் மாதிரி.

"நீங்க சொன்னதுதான். மூக்கு."

"வந்துட்டேன்."

மூக்குக் குழாயை உருவிவிட்டு வாய் வழியாக வேறொன்று போட்டார். ஊசியில் வந்தது சீழேதான். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை — அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கழிப்பறையில் போய் அழுதேன்.

மார்ச் 6

காய்ச்சல் அப்படியே.

மார்ச் 8

எந்தக் கிருமி என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. இதுவரை கொடுத்த மருந்தையெல்லாம் அது சட்டையே செய்திருக்காது. மாற்றினேன்.

வீட்டில் பேச்சு "உப்பு எங்கே?" வரை வந்திருக்கிறது.

மார்ச் 11

காய்ச்சல் விட்டது! நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநரின் மனைவி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

மார்ச் 14

வாயில் இருந்த மூச்சுக் குழாயையும் எடுத்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் குனிந்து, மூச்சு நன்றாக வருகிறதா என்று விசாரித்தார். ஓட்டுநர் கம்மிய குரலில், "எனக்கு வருது. உங்களுக்குத்தான் மூக்கடைப்பு போலிருக்கு டாக்டர். யார்கிட்டயாவது காட்டுங்க" என்றார்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக.

மார்ச் 16, திங்கள்

ஸ்கேன் அறை வாசலில் என் வீட்டுக்காரர் கையில் சீட்டோடு, மாட்டிக்கொண்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "சும்மாதான்" என்றார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கதவு மூடியதும் அவர் கண்ணாடியை மூன்று முறை துடைத்தேன். குறட்டைக்குத்தானே படம்? ஸ்கேன் எடுப்பவர் வெளியே வந்ததும் எழுந்து ஓடி, "எப்படி இருக்கார் டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் டாக்டர்கூட இல்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "உள்ள சட்டை மாத்திக்கிட்டிருக்கார் மேடம்" என்றார்.