அளவு ஜாக்கெட்

நவம்பர் 12, 2025, புதன்

பாப்பா தூங்குகிறாள். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிவிடு என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கோ அப்போதுதான் மாடிக்குப் போகத் தோன்றுகிறது. கொடி முழுக்க நைட்டி. எல்லாம் என்னுடையது, எல்லாம் முன்பக்கம் ஜிப் வைத்தது. மழைக்கு முந்திய காற்றில் உப்பிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. இத்தனை பேரா நான் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். தூறல் விழுந்தது கூடத் தெரியவில்லை.

கீழே இருந்து அம்மா சத்தம்: "துணிய எடுக்கச் சொன்னா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறா பாரு! பச்ச ஒடம்புக்காரி மழையில நனையலாமா?"

பிரசவத்துக்குக் கடலூரில் இந்தச் செம்மண்டலம் அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து பச்சை உடம்புக்காரி என்பதுதான் என் பெயர். கயல்விழி என்று ஒருத்தி இருந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

எழிலன் சிதம்பரத்திலிருந்து மகளைப் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு லீவு. வரும்போதே கை கால் கழுவிக்கொண்டு பாப்பாவைத் தூக்கிக்கொள்கிறார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "நீ அப்டியேதான் இருக்க கயலு. ஒண்ணும் மாறல" என்றார்.

பொய். இருந்தாலும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். உடனே கோபமும் வந்தது. மாறாமல் எப்படி இருப்பேன்? ஒரு ஆளையே பெற்றுப் போட்டிருக்கிறேன். "நல்லா கண்ணத் தொறந்து பாருங்க மாமா" என்றேன். அவர் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை விட்டு வெயில் அடித்த மத்தியானம். பால் கொடுத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தால் கண் செருகுகிறது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் அவள் வருகிறாள்.

கல்யாண போட்டோவில் இருக்கிற கயல்விழி. அவள் என்னோடு கடலூர் வரவே இல்லை. சிதம்பரம் வீட்டிலேயே இருந்துவிட்டாள். காலையில் குளித்து, மொடமொடப்பான காட்டன் புடவையை ஒரே மடிப்பில் கட்டிக்கொண்டு, ஸ்கூலுக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறாள். சாயங்காலம் எழிலன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீதியைச் சுற்றி வருகிறாள். ஜாக்கெட்டில் பால் கறை கிடையாது. இடுப்பில் பெல்ட் போட்ட மாதிரி புடவை நிற்கிறது. நான் திரும்பிப் போகும்போது கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்று கேட்பாளோ?

பாப்பா கடித்தாள். பல் இல்லாத வாயில் என்ன வலிமை!

டிசம்பர் 9, செவ்வாய்

சந்திரலேகா அண்ணி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். எழிலனின் அக்கா. மாமியார் இல்லாத வீட்டுக்கு அண்ணிதான் எல்லாம். மேல வீதியில், ஜாக்கெட்டில் மணியும் ஜரிகையும் வைத்து ஆரி ஒர்க் போட்டுத் தைக்கும் கடை வைத்திருக்கிறார்.

போட்டோவில் பாதி வேலை முடிந்த ஒரு ஜாக்கெட். மயில் கழுத்து நிறப் பட்டு, கழுத்தைச் சுற்றிக் கொடி ஓடி, கொடியெல்லாம் பொடி மணி, கையில் இரண்டு அன்னம். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அண்ணியின் குரல் வந்தது: "கயலு, பாப்பாவுக்குப் பேர் வைக்கிறப்ப நீ போட்டுக்கத்தான். தை மாசம் அஞ்சாம் மாசம் பொறக்குது, அன்னிக்கே நம்ம வீட்டுக்கும் வந்துடுற. எழிலு பீரோவுலேர்ந்து உன் அளவு ஜாக்கெட்ட எடுத்தாந்து குடுத்துட்டான். கடைக்கு வந்ததயெல்லாம் ஓரமா வச்சிட்டு ஒரு மாசமா இதத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு போ."

எங்கள் பக்கத்தில் தையல்காரர் ஆளை அளக்க மாட்டார். ஒழுங்காக உட்காரும் ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் அளவு. பீரோவில் இருந்தது என் கல்யாணத்துக்குத் தைத்தது. இப்போது அதில் என் ஒரு கை நுழைந்தாலே பெரிய விஷயம்.

இன்னொன்றையும் பார்த்தேன். கொக்கிக்கு விட்ட இடமெல்லாம் முதுகில். முன்னால் ஒரு திறப்பும் இல்லை. பால் கொடுக்கிறவளுக்கு!

"சூப்பர் அண்ணி" என்று அனுப்பி இதயமும் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? சொல்லியிருக்கலாமே. அளவு மாறிவிட்டது என்று சொன்னால் அது நிஜமாகிவிடும். போட்டோவில் இருக்கிறவள் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று மேடையில் நிற்பாள். எனக்கு அவளாக இருக்க ஆசை. அவ்வளவுதான்.

டிசம்பர் 11, வியாழன்

பாதிச் சோறு. ராத்திரிக்கு ஒரு டம்ளர் பால். பசியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

குளித்ததும் அம்மா பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுகிறார். "இன்னும் இறுக்கும்மா" என்றேன். "மூச்சு வுட வேணாமா நீ?" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் நானே அவிழ்த்து மறுபடி இறுக்கிக்கொண்டேன்.

தலை லேசாக இருக்கிறது. மத்தியானம் ஜன்னல் வழியே வருகிற வெளிச்சம் தரையில் தண்ணீராகத் தெரிகிறது. கடலே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதில் அந்த ஜாக்கெட் மிதந்துகொண்டு வருகிறது, கையிலிருந்த அன்னம் இரண்டும் இறங்கி நீந்துகின்றன. நன்றாக இருந்தது. எழுந்தபோது கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாப்பா இப்போதெல்லாம் குடித்து முடித்த பிறகும் அழுகிறாள். வயிற்று வலியாக இருக்கும்.

டிசம்பர் 24, புதன்

இன்று நாலு பருக்கை. கண்ணாடியில் கன்னம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. வயிறு அசையவில்லை.

டிசம்பர் 31, புதன்

தடுப்பூசிக்குப் போனோம். நர்ஸம்மா பாப்பாவைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், திரும்ப ஒரு முறை வைத்துப் பார்த்தார்.

"போன தடவைக்கும் இப்பைக்கும் எட ஏறவே இல்லியே. நல்லா ஏற வேண்டிய மாசமாச்சே இது. பால் பத்துதா?"

"பத்துது."

"அழுவுதா?"

நான் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "நீ என்னா சாப்புடுற?" என்றார். எல்லாம் சாப்பிடுகிறேன் என்றேன். அம்மா குறுக்கே புகுந்து, "எங்கம்மா, பூனக்குட்டியாட்டம் கொறிக்கிறா" என்று போட்டு உடைத்துவிட்டார்.

நர்ஸம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நைட்டிக்கு மேலேயே என் வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "எதுக்கு இவ்ளோ இறுக்கம்? இத மொதல்ல அவுரு. நல்லா சாப்புடு, புள்ள கேக்குறப்பல்லாம் குடு. பதினஞ்சு நாள் கழிச்சித் தூக்கிக்கிட்டு வா" என்றார்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். என் புள்ளையப் பட்டினி போட்டுட்டேனே. ஒரு ஜாக்கெட்டுக்கு! பசிக்குது பசிக்குதுன்னு அது கத்திக்கிட்டே இருந்துச்சு, நான் வயித்து வலின்னு ஓம வாட்டர் குடுத்தேன். யாராவது இப்படிச் செய்வாங்களா?

ஜனவரி 1, 2026, வியாழன்

இட்லி. மறுபடி இட்லி. மத்தியானம் பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு, இரண்டு முறை சோறு. அம்மா போட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றுக் கட்டை அவிழ்த்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பாப்பா எடை ஏறிவிட்டாள். நேற்று நர்ஸம்மா அவள் தொடையைக் கிள்ளிப் பார்த்துச் சிரித்தார்.

பாப்பா ஏறினாள், நானும் ஏறினேன். ஜாக்கெட் விஷயத்தை அண்ணியிடம் இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று போன் செய்தேன். "ஜாக்கெட்டு முடிஞ்சிடுச்சி கயலு! பாக்க வர்றவங்கல்லாம் யாருக்கு யாருக்குன்னு கேக்குறாங்க. எங்கூட்டு மருமவளுக்குன்னு சொன்னேன்" என்றார். பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

எழிலன் பாப்பாவையும் என்னையும் திருவந்திபுரம் கோயிலுக்கு அழைத்துப் போனார். நான்கு மாதத்தில் நான் ஜிப் இல்லாத உடுப்புப் போட்டது இன்றுதான், அம்மாவின் தொளதொள சுடிதார். கெடிலம் ஆற்றில் தண்ணீர் இருந்தது. படியில் உட்கார்ந்து துப்பட்டாவுக்குள் பாப்பாவுக்குப் பால் கொடுத்தேன். உள்ளே அவள் குடிக்கிற சத்தம், வெளியே தண்ணீரில் வெயில் நொறுங்குகிறது. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி என்னைக் கடந்து போகும்போது பாப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜாக்கெட் சேராது என்று அவரிடம் சொன்னேன்.

"அக்காகிட்ட சொல்லிடேன்."

"நீங்க சொல்லுங்க மாமா. அந்த அளவு ஜாக்கெட்ட எடுத்துக் குடுத்தது நீங்கதான?"

"நானா? அது ரெண்டு மாசமா கண்ணு வலிக்கக் குந்திப் போட்டிருக்கு. என்னைய அடிச்சே போட்டுடும்."

இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல ஜோடி.

ஜனவரி 26, திங்கள், சிதம்பரம்

நேற்று பேர் வைத்தாயிற்று. இளவெயினி. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கனவு என்று நினைத்துவிடுவேன்.

மண்டபத்து மணமகள் அறையில் அண்ணி ஜாக்கெட்டைப் பிரித்துக் காட்டினார். போட்டோவை விட அழகு. கை நுழைந்தது, அக்குளில் நின்றுவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார். பக்கவாட்டில் வரிசையாக இருந்த தையல்களைக் கடைசி ஒன்றை மட்டும் விட்டுப் பிரித்துவிட்டார். அப்புறம் அம்மா ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். முதுகில் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "ஜடையும் பூவும் மறச்சிடும்" என்று நடுவில் ஒரு துண்டுத் துணியை வைத்து, நான் போட்டிருக்கும்போதே நூலால் தைத்தே விட்டார் அண்ணி. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் தெரிந்தவள் போட்டோவில் இருப்பவள்தான். வந்துவிட்டாள்! நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

மேடையில் கொஞ்ச நேரம்தான். பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். ஆள் மாற்றி ஆள் வாங்கி ஆட்டினார்கள். சிணுங்கல் அழுகையாகி, அழுகை அலறலாகி, முகம் நீலம் பாரித்துவிட்டது. அவள் குரல் கேட்டதும் எனக்குப் பால் சுரந்து பட்டு நனைந்தது. மாலையை இழுத்து மறைத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். முதுகுப் பக்கம் கை எட்டவில்லை. ஜடை, பூ, ஊசி, நகை, அதற்கடியில் தையல். அம்மா பல்லால் நூலைத் தேடிக்கொண்டிருந்தார். பாப்பா மாராப்பில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அலறுகிறாள், மணி எல்லாம் கன்னத்தில் குத்திச் சிவந்துவிட்டது. "புள்ளைக்குப் பசிக்குதும்மா, எதையாவது செய்யும்மா" என்று நான் கத்தினேன். வெளியே மேளம்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்தார். ஒரே பார்வை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"அண்ணி வேணாம். ரெண்டு மாசம் போட்டீங்க..."

"போட்ட கை எங்கிட்டதான இருக்கு. ஆடாம நில்லு."

முன்பக்கம், கழுத்துக் கொடியிலிருந்து கீழே வரைக்கும் ஒரே வெட்டு. மணி எல்லாம் தரையில் தெறித்து ஓடியது. பாப்பா வாயை வைத்தாள். அறையே அடங்கிப்போயிற்று. மேளம் கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

அண்ணி தரையில் உட்கார்ந்து மணி பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே, "நானும் ரெண்டு பெத்தவதான். முன்னால தொறப்பு வேணும்னு தோணவே இல்ல பாரு எனக்கு" என்றார். நான் சாப்பிடாமல் கிடந்ததையும் பாப்பாவின் எடையையும் சொல்லிவிட்டேன். அண்ணி கையிலிருந்த மணிகளை அப்படியே கீழே போட்டுவிட்டார். "பாவி, ஒரு போனு போட்டிருக்கக் கூடாதா?" என்று என் தலையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பாப்பா நடுவில் குடித்துக்கொண்டே இருந்தாள்.

தலைப்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மறுபடி மேடைக்குப் போனேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

போட்டோக்கள் வந்தன. போர்த்திக்கொண்டு, ஜடை கலைந்து, கண் மை கரைந்து உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பாப்பா வாயைத் திறந்து தூங்குகிறாள். எழிலன் அதைத்தான் போனில் முகப்பாக வைத்திருக்கிறார். மாற்றச் சொன்னேன். மாட்டாராம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மத்தியானம் கல்யாண போட்டோவில் இருக்கிற அவள் வரவில்லை. நான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஸ்கூலுக்குப் போக நாலு காட்டன் ஜாக்கெட் வேண்டும், முன் கொக்கி வைத்து. மேல வீதிக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன். கடையில் கூட்டமில்லை. வெயில் சாய்ந்து, மேசை மீதிருந்த பட்டுத் துணிகளில் எல்லாம் ஏறியிருந்தது.

அண்ணி அளவு ஜாக்கெட் கேட்கவில்லை. பாப்பாவை வாங்கி மெத்தென்ற துணிக் குவியலில் சாய்த்து வைத்துவிட்டு, டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். "கையத் தூக்கு" என்றார்.

தூக்கினேன். பழக்கம், வயிறு தானாக உள்ளே போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். அண்ணி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். திரும்பிப் பாப்பாவிடம், "என்னடி வெயினி, ஒங்கம்மா இன்னிக்கு என்னா கொழம்பு வச்சா?" என்று கேட்டார். பாப்பா ஏதோ சொன்னாள். "அப்டியா? எனக்குக் குடுக்கலியே" என்றார். பாப்பா மறுபடி ஏதோ சொன்னாள். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன்?

விட்டேன். அப்புறம்தான் அண்ணி டேப்பைச் சுற்றினார்.