ஐந்து ஏலக்காய்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் ரேடியோவில் கிரிக்கெட் செய்தி. பழைய கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. நான் உத்தமபாளையத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், இந்தியாவும் சிலோனும் ஆடுனா நீங்க யாருக்குக் கைதட்டுவீக?" என்றான். வகுப்பே சிரித்தது. கரும்பலகையில் இரண்டு நாட்டுப் பெயரையும் எழுதி, நடுவில் சமக்குறி போட்டு, "நல்லா ஆடுறவங்களுக்கு" என்றேன். அவன் உட்காரும்போது பக்கத்தில் இருந்தவனிடம், "சாரு நழுவிட்டாகடா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நழுவத்தான் செய்தேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவன். இந்தக் காமயகவுண்டன்பட்டிக்குக் குடிவந்து நாற்பது வருடம் ஆகிறது. ஊரில் இன்னும் என் பெயர் சிலோன் சார். அதில் ஒரு வசதியும் உண்டு. பொங்கல் கிரிக்கெட்டுக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் அம்பயர். எனக்குப் பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை, தெரு இல்லை. அந்த ஒரே தகுதியில் வெள்ளைத் தொப்பி கிடைத்தது.

ஜனவரி 9, வெள்ளி

நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்: "டாக்டர்தான் கொன்றது." விடை பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் கணக்குப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. விடை தெரிந்த பிறகு வழி கண்டுபிடிப்பதும் ஒரு சுகம்தான் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். நூறாவது பக்கம் வரை டாக்டர் வரவே இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

அனுசுயாவுடன் கம்பத்துக்குப் போய்ப் படம் பார்த்தேன். கதாநாயகன் பதினான்கு பேரை அடித்தான். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், முப்பத்தைந்து விநாடி. ஆளுக்கு இரண்டரை விநாடி. காதில் சொன்னேன். "கணக்கு வாத்தியாரக் கல்யாணம் பண்ணுனா சினிமாவுக்குத் தனியாத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு முறுக்கை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். படம் சுமார். முறுக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 14, புதன்

தொப்பிக்கு நீலம் போட்டாயிற்று.

ஜனவரி 17, சனி

இறுதி ஆட்டம். காமயகவுண்டன்பட்டியும் உத்தமபாளையமும். பத்து ஓவர்.

பந்தை எண்ண நான் ஏலக்காய் வைத்துக்கொள்வேன். இடது பையில் ஆறு. ஒரு பந்து முடிந்தால் ஒன்று வலது பைக்குப் போகும். கூழாங்கல் போதும்தான். மேலே மலை முழுக்க ஏலம் விளைகிற இடத்தில் கல்லுக்கு எதற்குப் போக வேண்டும்?

காமயகவுண்டன்பட்டி 84. உத்தமபாளையம் கடைசி ஓவரில் 83 வரை வந்துவிட்டது. நடுவில் ஒரு ஒய்டு. அது பந்துக் கணக்கில் வராது, ஏலக்காயும் மாறாது. இடது பை காலியானதும் ஆட்டம் முடிந்தது என்றேன். ஒரு ரன்னில் வெற்றி. மேளம் முழங்கிற்று. கூட்டமும் ஒய்டைச் சேர்த்து ஆறு என்று எண்ணிவிட்டதோ என்னவோ, யாரும் எதுவும் கேட்கவில்லை. ரியாசுதீன் மட்டும் ஓடி வந்தான். உத்தமபாளையம் கேப்டன், செல்போன் கடை வைத்திருக்கிறான், என்னிடம் படித்தவன்.

"சார், ஒய்டு போக அஞ்சு பந்துதான் ஆச்சு. இன்னொண்ணு பாக்கி இருக்கு."

காலியான பையை இழுத்துக் காட்டினேன்.

"பையக் காட்டாதீக சார். உங்க ஊரு ஜெயிக்கணும்னா நேராச் சொல்லிட்டுப் போங்க."

இந்த ஊர் கேப்டன் சுருளிராஜன் பாய்ந்து வந்தான். அவனும் என்னிடம் படித்தவன்தான், திராட்சைத் தோட்டக்காரன். "ஏலே, வாய அடக்கு. சாரு எங்க ஊரா? எங்க ஊரா இருந்தா அம்பயரா நிக்க வச்சிருப்பமா? அவுக சிலோன்காரவுகடா!"

பழி சொன்னவன் என்னை இந்த ஊரில் சேர்த்தான். பரிந்து பேசியவன் வெளியே தள்ளினான். ரியாசு மேல் வந்திருக்க வேண்டிய கோபம் சுருளி மேல் வந்தது. இது என்ன கணக்கு? நாப்பது வருசம்டா. நாப்பது வருசம்.

சாயங்காலம் அனுசுயா சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையைக் கவிழ்த்து, "ஏலக்காய் அஞ்சுதான் இருக்கு" என்றாள். ஒன்பதாவது ஓவர் முடிந்ததும் தொண்டை வறண்டு ஒன்றை வாயில் போட்டிருக்கிறேன்! மென்றதுகூட நினைவு இருக்கிறது, நல்ல வாசம். மகள் சிறியவளாக இருந்தபோது கழித்தல் சொல்லித்தரப் பத்து நிலக்கடலையை வைத்து, மூன்று போனால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். ஆறு என்றாள். வாய் மென்றுகொண்டிருந்தது. அவளை அன்று திட்டினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

"கப்பு ஊரச் சுத்தி வந்து சங்கிலியம்மா டீக்கடையில ஒக்காந்திருக்கு. இப்பப் போயிச் சொன்னா அந்தக் கடையில உங்களுக்கு டீ கிடைக்குமா?" என்றாள் அனுசுயா.

"சொல்லாம இருந்தா?"

"என்னைய இருக்க விடமாட்டீக. போயிட்டு வாங்க."

சுருளி தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தான். சொன்னேன். கத்தரியை இடுப்பில் செருகினான்.

"இது வேற யாருக்கும் தெரியாதுல்ல சார்?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப உங்களோட வச்சுக்கிற வேண்டியதுதான? ஊரே ஆடிப் பாடி முடிச்சிருச்சு. நம்மாளு செய்யிற வேலையா சார் இது?"

வெளியே வந்து, வேலியோரம் நின்று ரியாசுதீனுக்குப் போன் செய்தேன். அவன் வெகுநேரம் சிரித்தான். "ஏலக்காயத் தின்னுட்டீகளா!" பிறகு சிரிப்பை நிறுத்தி, விட்டுப்போன ஒரு பந்தை மட்டும் அடுத்த ஞாயிறு போட வேண்டும், இரண்டு ரன் எடுத்தால் கப்பு தங்களுக்கு என்றான். பின்னாலேயே வந்து நின்ற சுருளியிடம் போனைக் கொடுத்தேன். கொஞ்சம் கத்திவிட்டு ஒப்புக்கொண்டான். போன் திரும்ப என் கைக்கு வந்தபோது ரியாசு சொன்னான்: "கோவிச்சுக்கிறாதீக சார். அம்பயரா நீங்க வேணாம். நீங்க அவங்க ஊரு."

சரிப்பா என்றேன். பத்தொன்பது வருடத் தொப்பி. வருத்தப்பட வேண்டும்தானே? வீட்டுக்கு வரும் வழியில் விசில் அடித்திருக்கிறேன். அனுசுயா சொல்லித்தான் தெரியும்.

ஜனவரி 20, செவ்வாய்

டீக்கடையில் சங்கிலியம்மாள் பேசவில்லை. டீயில் சர்க்கரையும் இல்லை.

ஜனவரி 22, வியாழன்

இன்றும் சர்க்கரை இல்லை. எனக்குக் கேட்கும்படி இன்னொருவரிடம், "வெளியாளு கெடுத்தா வயிறு எரியாது. கூட இருக்கிறவுக கெடுத்தா எரியுமா எரியாதா?" என்றாள். குனிந்து குடித்தேன். திட்டு வாங்கிக்கொண்டே சிரிக்கக் கூடாது என்று மாணவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நாவல் முடிந்தது. டாக்டர் கொல்லவில்லை. பென்சில்காரன் வாழ்க.

ஜனவரி 25, ஞாயிறு

ஒரே ஒரு பந்தைப் பார்க்க ஐந்நூறு பேர். உத்தமபாளையத்திலிருந்து டவுன் பஸ் நிரம்பி வந்தது. கட்டப்பனையிலிருந்து திராட்சை ஏற்ற வந்த வியாபாரி ஒருவரை அம்பயராகப் பிடித்திருந்தார்கள். இரண்டு ஊரிலும் சரக்கு எடுப்பவர், ஆகவே இரண்டு ஊரையும் பகைக்க முடியாதவர். பார்த்துக்கொள்கிறேன் என்பதை மலையாளத்தில், "ஞான் நோக்காம், நோக்காம்" என்று பயந்துகொண்டே சொல்லி என் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். தொப்பி அவருக்குப் பெரியது.

எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்றே பழக்கம். ஓரமாக நின்றவனை, "மறைக்காதீக, இங்கன உக்காருங்க" என்று யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் சங்கிலியம்மாள். உட்கார்ந்தேன்.

பந்து வந்தது. ரியாசு நேராகத் தட்டிவிட்டு ஓடினான். ஒன்று. திரும்பினான். சுருளி எடுத்து எறிந்தான். குச்சி பறந்தது. வியாபாரி இரண்டு கையையும் விரித்து, அவுட் இல்லை என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "அவுட்டு! அவுட்டுய்யா! கண்ண எங்கய்யா வச்சிருக்க? உத்தமபாளையத்துல திராட்சைய சும்மா தர்றானுகளா?"

நானா? நான்தான். அம்பயர் சொன்னால் சொன்னதுதான் என்று பத்தொன்பது வருடம் விரலை ஆட்டிப் பேசியவன்.

"உக்காருங்க சார்" என்றாள் சங்கிலியம்மாள். "இங்கன இருந்து பாத்தா உங்களுக்கு ஸ்டம்பே தெரியாது. நாம தோத்துட்டம், விடுங்க."

ஜனவரி 26, திங்கள்

குரல் சுத்தமாகப் போய்விட்டது. அனுசுயா மிளகுப்பால் கொடுத்து, "வீடு அமைதியா இருக்கு, நாலு நாள் இப்படியே இருங்க" என்கிறாள்.

காலையில் சுருளி வந்தான். இன்னும் முகம் முழுதாகத் தெளியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சார், உண்மையச் சொல்லுங்க. ரியாசு கோட்டுக்குள்ள வந்துட்டானா இல்லையா?" என்றான்.

"வரவே இல்லை" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. அவனுக்குப் புரிந்தது.

"அப்படிச் சொல்லுங்க! அடுத்த வருசம் நீங்கதான் நம்ம டீமுக்கு மேனேஜரு. ரூல்சு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் நின்னு அம்பயர்கிட்டச் சண்ட போடணும்ல."

தலையாட்டினேன். எழுந்து போகும்போது ஒரு பை திராட்சையை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனான்.

எப்போதாவது இதைப் படிக்க நேர்கிறவருக்கு ஒரு வீட்டுப்பாடம்: அடுத்த ஆட்டத்தில் ஒரு பக்கம் போய் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கத்திப் பாருங்கள்.