பலகையில் மாட்டிய பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, ஆக்லாந்திலிருந்து ஆனந்த் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? நெல்லித்தோப்பில் மழை விட்டதா? நான் நலம்.

இங்கே நகர ரயிலை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றுகிறோம். தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி இழுக்க ஏறுமுன் அவரவர் பெயரட்டையைப் பலகையில் மாட்டி, இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஓர் அட்டை மிச்சமிருந்தாலும் மின்சாரம் விடமாட்டார்கள். "எதையாவது மறந்து வெச்சுட்டு வந்துடுவடா" என்பீர்களே, நேற்று மதியம் அட்டையை எடுக்க மறந்து அறைக்கு வந்துவிட்டேன். எங்காவது விழுந்துகிடக்கிறேனோ என்று தண்டவாளம் நெடுக என் பெயரைக் கூப்பிட்டுத் தேடியிருக்கிறார்கள். மேலதிகாரி திட்டினார், அவ்வளவுதான்.

மிளகாய்ப்பொடி அனுப்பினால், பொட்டலத்தின் மேல் என் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். வந்த ஏழு மாதத்தில் நேற்றுவரை யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்று அட்டையைக் கழற்ற மனமே வரவில்லை. கழற்றிவிட்டேன், பயப்படாதீர்கள். அறைக்குப் போக வேன் வந்துவிட்டது.

ஆனந்த்