கரண்டைக்கு மேல் ஒரு கராத்தே பேண்ட்

ஜூன் 14, சனி

முல்லா வீதி வாழ் பொதுமக்களுக்கும், டியூஷன் தோழர்களுக்கும், எங்கள் மொட்டை மாடியில் வாடகை தராமல் குடியிருக்கும் மூன்று பூனைகளுக்கும் மிகுந்த பணிவுடன் அறிவிப்பது: குத்புதீன் டெய்லரின் ஒரே மகனும் பதினோராம் வகுப்பு மாணவனுமாகிய உஸைர், இன்று காலை பத்து நாற்பதுக்கு ஜீன்ஸைத் துறந்தார். இனி எங்கே போனாலும் கராத்தே பேண்ட்தான். காரணம்: கொள்கை.

வெள்ளை டிரில் துணி, அத்தா தைத்தது. நூரீன் அக்கா கராத்தே வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போனது. ஜனவரியில் அவள் வகுப்பை நிறுத்தியதிலிருந்து பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, இடுப்பில் நாடா மட்டும். நாடா கட்டியவன் நாடாளும் மன்னன். காற்று ஒரு காலில் நுழைந்து மறு காலில் வெளியே வருகிறது. இந்த ஊர் வெயிலுக்கு வேறென்ன வேண்டும்?

அக்காவிடம் அனுமதி கேட்டேன். அதாவது, போட்டுக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். "போட்டுக்கோ" என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல். அத்தா பேண்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இட்லியைப் பார்த்தார். இட்லி ஜெயித்தது.

அக்காவைவிட நான் நாலு விரல் உயரம். அதனால் கால் கொஞ்சம் குட்டை. அதுவும் ஸ்டைல்தான்.

ஜூன் 16, திங்கள்

டியூஷனில் ஃபஹீம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கராத்தே கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டான். நான் புன்னகைத்தேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொல்கிற பொய்க்குத்தான் ஆயுசு கெட்டி. ஏழு மணிக்குள் கிரீன் பெல்ட் ஆகிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிரவுன் பெல்ட். ஒரே நாளில். உலக சாதனை. (இந்த முறை வார்த்தையாகவே சொன்னேன்.)

ஜூன் 20, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பு தேடிக்கொண்டிருந்தேன். அத்தர் கடை பெரியவர் தோளைப் பிடித்தார். "குத்புதீன் மவனா? மாஷா அல்லாஹ். கரண்டைக்கு மேல உடுத்தியிருக்கான் பாரு. மத்த பயலுவ பேண்ட்டால தெருவையில்ல கூட்டிக்கிட்டுப் போறானுவ." கணுக்கால் தெரிய உடுத்துவதுதான் மார்க்க முறையாம். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என் தலையைத் தடவினார்.

ஆக, பள்ளிவாசலில் பக்திமான், டியூஷனில் வீரன். எல்லாம் நாலு விரல் துணி குறைந்ததால். இன்னும் நாலு விரல் குறைந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

அத்தா பக்கத்தில்தான் நின்றார். ஒரு முறை குனிந்து என் காலைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

என் துணி எல்லாம் மிஷினில். இந்த பேண்ட்டை மட்டும் அக்கா கையில் துவைக்கிறாள். பச்சைத் தண்ணீர், உள்பக்கம் வெளியே, நிழலில். பாசக்கார அக்கா.

ஜூன் 29, ஞாயிறு

சண்டே மார்க்கெட்டில் ஒரு பிரெஞ்சுக்காரம்மா இந்த பேண்ட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். "எக்ஸ்க்ளூசிவ்" என்றேன். ஃபஹீம் கடற்கரை வரை சிரித்துக்கொண்டே வந்து பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கே உட்கார்ந்துதான் என் சாதனைகளைப் பட்டியல் போட்டோம். கெமிஸ்ட்ரி சாரின் பைக்கில் 'விற்பனைக்கு' போர்டு மாட்டியது. அம்மாவின் போனில் அத்தாவின் பெயரை 'மின்வாரியம்' என்று மாற்றியது. எல்லாவற்றுக்கும் மேலே, போன நவம்பரில் போட்ட அக்கா வீடியோ. மாடியில் அவள் கராத்தே செய்வதை எடுத்து, வேகத்தைக் கூட்டி, உதைக்கும்போது அவள் போடுகிற சத்தத்தை அணில் குரலாக்கி, குடும்பக் குரூப்பில் விட்டேன். காரைக்கால், கூத்தாநல்லூர், துபாய் எல்லாம் சுற்றிவிட்டு ஃபஹீமின் பெரியப்பா மூலம் எனக்கே திரும்பி வந்தது. அதை மிஞ்ச இன்னொன்று நான் இன்னும் செய்யவில்லை.

ஜூலை 3, வியாழன்

அவமானம். விவரமாக எழுத வேண்டுமா? எழுதித்தான் ஆகவேண்டும்.

சந்திரகலா டியூஷனில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால். வீராம்பட்டினம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அதிகம் பேசமாட்டாள். இன்று படிக்கட்டில் என்னை நிறுத்தி, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "பேண்ட்ட முன்பக்கம் பின்பக்கமா போட்டிருக்க."

எது முன் எது பின் என்று எனக்குத் தெரியாதா என்றேன். "நாடாவ விட்டுக் கட்டுற வளையம் ரெண்டும் முன்னால வரணும். உனக்கு வால் மாதிரி பின்னால இருக்கு."

அந்த வளையங்கள் ஆணியில் மாட்டுவதற்கு என்று நினைத்திருந்தேன். மூன்று வாரம். பள்ளிவாசல், மார்க்கெட், கடற்கரை. பிரவுன் பெல்ட் உஸைர் பின்னோக்கி நடந்திருக்கிறான்.

அவளும் கராத்தே வகுப்பில்தான் இருக்கிறாளாம், அக்கா போன அதே வகுப்பு. "நூரீன் அக்காவோடதுதான இது? இடது முட்டியில தையல் இருக்கே." அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். செப்டம்பரில் பிளாக் பெல்ட் டெஸ்ட். கலைவாணன் மாஸ்டர் அக்காவின் பெயரை இன்னும் லிஸ்டிலிருந்து எடுக்கவில்லை. வாரா வாரம் கேட்கிறார். இந்த மாசக் கடைசிக்குள் வராவிட்டால் எடுத்துவிடுவார். "ஏன் நின்னுட்டாங்க?"

காலேஜ் என்றேன். எல்லோரிடமும் அக்கா அப்படித்தான் சொல்கிறாள்.

பேண்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட இடமில்லை. நோட்டுப் புத்தகத்தால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஜூலை 5, சனி

அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"காலேஜ்ல நேரமில்லடா."

பொய் என்றேன். பொய்யில் எனக்கு அனுபவம் உண்டு, பார்த்தாலே தெரியும். அவள் ஒரு தலையணை உறையை மூன்று முறை மடித்தாள்.

"காரைக்கால் கல்யாணம் ஞாபகம் இருக்கா? அஞ்சு வயசுப் புள்ளைலேர்ந்து மாமி வரைக்கும் என்னைப் பார்த்ததும் கையத் தூக்கிக்கிட்டு அந்தச் சத்தத்தப் போட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட. அப்புறம் கிளாஸ்ல வாயத் தொறந்தா எனக்கே அந்த அணில் சத்தந்தான் கேக்குது. சத்தம் வராம அதைச் செய்ய முடியாதுடா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வாளே, அந்த மாதிரி சொன்னாள்.

"நீ போட்டுக்கோ. சும்மா மடிஞ்சு கிடக்கறதுக்கு அதாச்சும் எங்கயாவது நடக்கட்டும்."

அந்தக் கல்யாணத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார்? தெரியும். எழுதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அசல் வீடியோ போனில் இன்னும் இருக்கிறது. ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. எடுத்த நாளிலிருந்து வெட்டுவதற்கு மட்டுமே திறந்திருக்கிறேன். இன்றுதான் பார்த்தேன்.

வேகம் கூட்டாமல் பார்த்தால் அவள் மெதுவாகத் திரும்புகிறாள். நிற்கிறாள். கால் எப்போது மேலே போனது என்றே தெரியவில்லை, துணி 'டப்' என்கிறது. பிறகு அந்தச் சத்தம். அணில் இல்லை. வயிற்றிலிருந்து வருகிறது. தண்ணீர்த் தொட்டி மேலிருந்த பூனை எழுந்து போய்விடுகிறது.

குரூப்பில் போட்டதில் கடைசி ஐந்து வினாடியை நான் வெட்டியிருந்தேன். அதில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்து, "நல்லா வந்துச்சாடா?" என்கிறாள். என் குரல், "சூப்பர்க்கா."

சூப்பர்க்கா.

ஜூலை 7, திங்கள்

அசலைக் குரூப்பில் போடட்டுமா என்று கேட்டேன். என் திட்டத்தில் எல்லோரும் பார்த்து, மலைத்து, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் என்னையும் பாராட்டுவதாக இருந்தது.

"வேணாம்."

போடவில்லை. கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டிருந்தால் நவம்பரிலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். ஒரே ஒரு வார்த்தை, வாங்காமல் விட்டேன்.

மன்னிப்பு மட்டும் கேட்டேன். "சரி போ" என்றாள். அது மன்னிப்பா, கிளம்பு என்பதா?

ஜூலை 9, புதன்

பேண்ட்டை நானே துவைத்தேன். பச்சைத் தண்ணீர், உள்பக்கம் வெளியே, நிழல். மடித்து அவள் கட்டிலில் வைத்தேன். சாயங்காலம் என் கட்டிலில் இருந்தது. திரும்ப வைத்தேன். திரும்ப வந்தது. "ரெண்டு பேரும் அதை வச்சிக்கிட்டு என்னா வெளாட்டு" என்று அம்மா அதை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

பழைய ஜீன்ஸ் இல்லாததால் ஸ்கூல் பேண்ட்டில் டியூஷன் போனேன். வீரன் எங்கே என்றார்கள். சொல்லிவிட்டேன். நான் கராத்தே வகுப்பு வாசலைக்கூட மிதித்ததில்லை. பேண்ட் அக்காவுடையது. அதையும் மூன்று வாரம் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டிருந்தேன். அக்கா பிரவுன் பெல்ட், நான் வெறும் நாடா.

ஃபஹீம் ஐந்து நிமிடம் விடாமல் சிரித்தான். அந்த வீடியோ பற்றியும் சொன்னேன். அப்போது சிரிப்பு நின்றது. நானும் நிறைய பேருக்கு அனுப்பினேன்டா என்றான். அப்புறம் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். உண்மையான கணக்கு, அல்ஜீப்ரா. பேசாமல் இருக்க அது வசதி.

சந்திரகலா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் போகும்போது, வகுப்பு சனிக்கிழமை நாலரைக்கு என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து நானும் அதை அப்படியே காற்றிடம் சொன்னேன். அக்கா அந்த அறையில்தான் இருந்தாள்.

ஜூலை 19, சனி

கொடியில் பேண்ட் இல்லை.

அக்காவும் இல்லை.

ஜூலை 26, சனி

அக்காவைக் கூட்டிவர அம்மா என்னை அனுப்பினார். வகுப்பு நடக்கிற சமுதாயக் கூடத்துக்கு வெளியே சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பார்க்கவில்லை. போனை சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இருபது பேர் கத்தினார்கள். அதில் அக்காவின் குரல் எது என்று தெரியவில்லை. அப்புறம் மற்றவர்கள் நிற்க, ஒரு குரல் மட்டும் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, பாதியில் தடுக்கியது. மாஸ்டர் மறுபடி என்றார். மறுபடி வந்தது. இந்த முறை சுவரில் இருந்த காக்கை பறந்தது.

திரும்பி வரும்போது அவள் பின் கேரியரில் உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட் திருப்பத்தில், "கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சுக்கா." வேறு எதுவும் சேர்க்கவில்லை. என் வாழ்நாளின் மிகச் சிறிய பதில்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று காலை என் கட்டிலில் ஜீன்ஸ் இருந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒன்றரை மாசமாக நான் ஒளித்து வைத்திருந்தது. அத்தா தைத்திருக்கிறார். வெறும் தையல் இல்லை, தொடைகள் சேரும் இடத்தில் ஒரு துண்டுத் துணி வைத்து, அக்காவின் கராத்தே பேண்ட்டில் வைத்த அதே மாதிரி. "இனி ஒதைச்சா கிழியாது" என்று சொல்லிவிட்டு இட்லியைப் பார்த்தார்.

அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரியும். ஆகவே இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 14 அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது. கொள்கை எதுவும் இல்லை. அதற்கு முந்தின நாள், மாடியில் யாரும் இல்லாதபோது, அக்கா உதைக்கிற மாதிரி ஒரே ஒரு தடவை உதைத்துப் பார்த்தேன். கேலிக்காக இல்லை. வீடியோ எடுக்கவும் இல்லை. அவளை மாதிரி வருகிறதா என்று பார்க்கத்தான்.

வரவில்லை. ஜீன்ஸ் கிழிந்தது. பூனைகூட எழுந்திருக்கவில்லை.