கல்லறைப் பக்கத்துக் கோல்

ஏப்ரல் 14, ஞாயிறு

டெரிகில் மைதானத்தில் லீக் ஆட்டம். மழை. கேமராவுக்கு ரொட்டிப் பையை மாட்டிவிட்டு டிரெய்லர் மேல் ஏறி நின்றேன். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இதுதான் என் ஞாயிறு: எங்கள் அயர்லாந்து ஊரின் கேலிக் கால்பந்தை இணையத்தில் நேரடியாகக் காட்டுவது. மலக்கி வர்ணனை செய்வார். அவர் வாயைச் சமயத்தில் மூட வைப்பதும் என் பொறுப்பே.

கல்லறைத் தோட்டத்துப் பக்கத்துக் கோலில் இன்று வேறு யாரோ கொடி பிடித்தார்கள். இத்தனை வருடம் அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றவர் என் கணவர் கொலம். பந்து கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி; அதற்கான வெள்ளைக் கொடியைத் தூக்கி, வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருப்பார். பாஸ்டனில் உட்கார்ந்து பார்க்கும் எங்கள் மகன் ஃபின்டனுக்காக. பிப்ரவரியில் கொலம் போய்விட்டார். இப்போது அதே கோலுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம்.

பந்து ஒன்று சுவர் தாண்டி விழுந்தது. "கொலம் இருந்திருந்தா இதுக்கும் கொடி தூக்கியிருப்பாரு, நம்ம ஆளு அடிச்சதாச்சே!" என்றார் மலக்கி மைக்கில். சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கேமரா ஆடியது.

பார்ப்பவர் பட்டியலில் ஃபின்டன் பெயர் இருந்தது.

ஏப்ரல் 28

ஃபின்டன் போன் செய்தான். இரண்டு ஊர் மழையையும் பற்றிப் பேசினோம்.

ஜூலை 7, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன்.

இடைவேளை. திரையில் ஸ்கோர் பலகையைப் போட்டேன். மைக்கை அணைக்கும் பட்டனையும் அழுத்தினேன் — அழுத்தியதாக நினைத்தேன். கையில் மழைக்கான தடித்த கையுறை. மலக்கி தேநீரை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஃபின்டன் கோடைக்காவது வருவானா?"

"வருவான்! பெத்த அப்பனைப் புதைக்கவே வராதவன் வெயில் காய வருவானாக்கும். அவனுக்கு அந்த ஊரும் அந்த வேலையும்தான் பெருசு. கல்லறைக்குக் கல்லு வைக்கும்போது அவன் பேரு அதுல வராது. பாத்துக்கோங்க."

கோட்டோரம் நின்ற கார்களெல்லாம் ஹார்ன் அடித்தன. மழை என்றால் பாதி ஊர் காருக்குள் உட்கார்ந்து, ஃபோனில் எங்கள் வர்ணனையைக் கேட்டபடிதான் ஆட்டம் பார்க்கும். யாராவது புள்ளி எடுத்தால் ஹார்ன். இடைவேளையில் எதற்கு அடிக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. கையை ஆட்டினேன்! சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் கையை ஆட்டினேன்.

கடைசியில் அடுத்த வீட்டு நோலீன் காரை விட்டு இறங்கி, நனைந்துகொண்டே ஓடி வந்தாள். "அட்ராக்டா, மைக்கை அணை! எல்லாம் கேக்குது!"

இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கியபோது இருநூற்றுப் பதிமூன்று. பட்டியலைப் பார்க்காமலே தெரிந்தது, யார் போனதென்று.

ஜூலை 8

ஃபின்டன் போன் எடுக்கவில்லை. மூன்று முறை.

உண்மையை எழுது, அட்ராக்டா. உன்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்?

கொலம் இறந்த அன்று அவன் கேட்டான்: "நான் வரட்டுமாம்மா?" விசா முடிந்து பதினோரு வருடமாகிறது. ஒரு முறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். மனைவியும் நான்கு வயதுக் குழந்தையும் அங்கே. இதெல்லாம் தெரிந்துதான் "உன் இஷ்டம்" என்றேன். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடிவை அவன் தலையில் கட்டிவிட்டு, ஐந்து மாதமாக அவனையே குற்றவாளி ஆக்கிக்கொண்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு தாயா?

ஜூலை 14

வெளியூர் ஆட்டம். அவன் பெயர் இல்லை.

ஜூலை 28, கல்லறை ஞாயிறு

வருடம் ஒருமுறை எல்லாக் குடும்பமும் தத்தம் கல்லறை பக்கத்தில் நிற்க, பாதிரியார் வரிசை வரிசையாகப் புனித நீர் தெளித்துக்கொண்டு போவார். கொலம் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். மண் இன்னும் முழுதாக அமரவில்லை. ஒரு வருடம் ஆகாமல் கல் வைக்கக் கூடாது. அதுவரை மரச்சிலுவைதான்.

அடுத்த வரிசையில் நோலீன். அவளுடைய மகனும் பாஸ்டனில்தான். பிரார்த்தனை முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்தாள். "சொல்லலாமா வேண்டாமான்னு பாத்தேன். உன் பையன் எங்க பையன்கிட்ட கேட்டிருக்கான், அப்பாவை எந்த வரிசையில வெச்சிருக்காங்கன்னு. இவனுக்கும் தெரியல. என்கிட்ட கேட்டான்."

அடக்கத்தன்று தேவாலயத்துக் கேமரா உள்ளே நடந்ததை மட்டும் காட்டியது. பெட்டி வாசலைத் தாண்டியதும் அவன் திரையில் காலி இருக்கைகள்தான். குழியை அவன் பார்க்கவே இல்லை. நான் ஒரு படம்கூட அனுப்பவில்லை. வந்து பார்க்கட்டும் என்ற வீம்பு.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஊரைக் காட்டுகிறேன். என் பிள்ளை தன் அப்பாவின் இடத்தை அடுத்த வீட்டில் விசாரிக்கிறான்.

ஆகஸ்ட் 17

ஒரே வரி அனுப்பினேன்: "நாளைக்கு இடைவேளையில் பார்." பதில் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாம்பியன்ஷிப் முதல் ஆட்டம், எங்கள் மைதானத்தில். இடைவேளை வரை பட்டியலைப் பார்க்கக் கூடாதென்று மனதைக் கட்டிவைத்தேன்.

விசில் ஊதியதும் கையுறையைக் கழற்றினேன். மைக்கை அணைத்து, அணைந்த சிவப்பு விளக்கை மலக்கியிடமும் காட்டினேன். ஸ்கோர் பலகையைப் போடவில்லை. கேமராவைத் திருப்பினேன்: கோல் வலை, தாழ்வான சுவர், சுவருக்கு மேலே கொலம் இருக்கும் மூன்றாம் வரிசை. நெருக்கமாகக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினேன்.

"எவ்வளவு நேரம்?" என்றார் மலக்கி.

"விசில் ஊதுற வரைக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கார்களில் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. எத்தனை நிமிடம் போனதோ, திரையின் ஓரத்தில் செய்தி வந்தது.

"அம்மா, கொஞ்சம் வலது பக்கம். சிலுவையில பேரு தெரியல."

வலது பக்கம் நகர்த்தினேன்.

"இப்ப தெரியுது."

அதற்குக் கீழே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து யாரோ ஒரு பெண்: "அடுத்த ஆட்டத்துல இடது பக்கச் சுவரோரம் காட்ட முடியுமா? என் அம்மா அங்க இருக்காங்க."

ஆகஸ்ட் 19

ஃபின்டன் எடுத்தான். மன்னிப்புக் கேட்டேன். அவன் அழுதான், நானும். "நான்தான் உன்னை வர வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றேன். "ஆமாம்மா" என்றான். வலித்தது. ஆனால் நியாயம்.

செப்டம்பர் 1

தோற்றுவிட்டோம். இடைவேளையில் இடது பக்கச் சுவரோரம் காட்டினேன். பெர்த் பெண் ஒன்றும் எழுதவில்லை. கடைசி வரை இருந்தாள்.

செப்டம்பர் 14

கல்வெட்டுக்காரரிடம் போனேன். பிப்ரவரிக்கு என்றாலும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். கடைசி வரி என்னவென்று கேட்டார். "மனைவி அட்ராக்டா, மகன் ஃபின்டன் நிறுவியது" என்று எழுதிக் கொடுத்தேன்.

"எழுத்து இந்த அளவு போதுமா?" என்று மாதிரி காட்டினார்.

"இதவிட ரெண்டு மடங்கு பெருசா வெட்டணும்."

"அவ்வளவு பெருசாவா? கிட்ட நின்னா கண்ணை அடிக்கும்மா."

"கிட்ட நிக்கிறவங்களுக்கு இல்ல" என்றேன். நேற்றிரவு ஃபின்டன் சொல்லியிருந்தான்: டிரெய்லர் கேமராவிலிருந்து பார்த்தாலும் படிக்க முடிய வேண்டுமாம்.